கழுத்தில் தொங்கிய கண்ணாடி

நான் அந்த வாசகர் வட்டத்துக்குப் போன முதல் நாள் கேட்ட முதல் கேள்வியே தப்பு. "மார்க்கேஸ் எப்போது வாசிக்கப்போகிறோம்?" என்று கேட்டேன். அறையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். கேலி இல்லை, பலபேர் கேட்டுச் சலித்த கேள்விக்கு வருகிற சிரிப்பு. "அவர் கொலம்பியாக்காரர். நாங்கள் இந்தத் தெருக்காரர்கள்" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அவர் கைகாட்டிய ஜன்னலுக்கு வெளியே ஒரு டயர் கடையும், தேவாலயத்தின் பக்கச் சுவரும், வெயிலில் பழுத்துப்போன புல்லும் தெரிந்தன. அமெரிக்காவின் டெக்சாஸில், சான் அன்டோனியோவின் தெற்குப் பகுதியில் ஒரு சின்னக் கிளை நூலகம். 2018, ஆகஸ்டு.

எனக்கு உள்ளூர ரோஷம்தான் வந்தது. சிறுபத்திரிகை மொழிபெயர்ப்புகளைப் படித்து வளர்ந்தவள் நான். லத்தீன் அமெரிக்க இலக்கியமா, என்னைக் கேளுங்கள் என்ற மிதப்பில் போயிருந்தேன். அறிவிப்புப் பலகையில் அவர்கள் எழுதியிருந்த 'லத்தினோ இலக்கியம்' வேறு சங்கதி என்று புரியவே ஆறு மாதம் ஆயிற்று. அமெரிக்காவில் பிறந்தவர்களும், சின்ன வயதில் வந்து ஒட்டிக்கொண்டவர்களும் எழுதுவது. பெரும்பாலும் ஆங்கிலம், நடுநடுவே ஸ்பானிஷ். வந்தவர்கள் என்று சொல்வதுகூட எல்லாருக்கும் பொருந்தாது. டெக்சாஸில் பல குடும்பங்கள் எங்கிருந்தும் வரவில்லை, 1836-க்கு முன் இது மெக்சிகோவாக இருந்தபோதே இங்கேதான் இருந்தார்கள். நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது என்று அந்தத் தபால்காரர் மாதம் ஒருமுறையாவது சொல்வார். இது அவர் சொந்தச் சரக்கு இல்லை, ஊரே சொல்வதுதான். ஆனால் அவர் சொல்லும்போது சொந்தச் சரக்கு மாதிரியே இருக்கும்.

அடுத்த வருடம் வட்டத்தை நடத்திவந்த நூலகருக்கு வேறு கிளைக்கு மாற்றல் ஆனது. "இரண்டு மாதம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குள் ஆள் வந்துவிடும்" என்று என்னிடம் சாவியைக் கொடுத்தார். ஆள் வரவில்லை. நாகர்கோவில்காரி ஒருத்தி, அரைகுறை ஸ்பானிஷை வைத்துக்கொண்டு, மெக்சிகோ வம்சாவளிக்காரர்களின் வாசகர் வட்டத்தை நடத்துகிறாள். நியாயமா என்று கேட்டால், எனக்கே அப்படித்தான் தோன்றும்.

நடத்துவது என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, வேலை எல்லாம் சில்லறை வேலைதான். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்தரைக்கு அறை வேண்டும். ஒரே புத்தகத்துக்குப் பத்துப் பிரதியாவது பல கிளைகளிலிருந்து வரவழைக்க வேண்டும். ஏப்ரலில் ஃபியஸ்டா திருவிழா நடக்கும்போது கூட்டம் வைக்கக் கூடாது, வைத்தால் நானும் நாற்காலிகளும்தான். இருநூறு பக்கத்துக்கு மேல் போனால் பாதிப் பேர் முடிக்க மாட்டார்கள், முடிக்காதவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வராமலே இருந்துவிடுவார்கள். ஆகவே முதல் விதியாக, படிக்காமலும் வரலாம் என்று எழுதி ஒட்டினேன். அதற்கப்புறம்தான் கூட்டம் ஆறிலிருந்து பதினான்காக ஆனது.

சான்ட்ரா சிஸ்னெரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்' எப்போது வைத்தாலும் ஓடும். 44 குட்டிக் குட்டித் துண்டுகள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இரண்டு படித்துவிடலாம். 1984-இல் அதை வெளியிட்ட ஆர்ட்டே பூப்ளிக்கோ, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம், இங்கிருந்து மூன்று மணி நேரத் தூரம். சிஸ்னெரோஸ் சிகாகோவில் பிறந்தவர் என்றாலும் ரொம்ப காலம் எங்கள் ஊரில் இருந்தார். பழைய வீடுகளைப் பாதுகாக்கும் கிங் வில்லியம் பகுதியில் தன் வீட்டுக்கு ஊதா வண்ணம் அடித்தார். 1997-இல் அது பெரிய தகராறானது. இந்த வட்டாரத்துக்கு ஒத்துவராத நிறம் என்றார்கள், என் மக்களின் நிறம் இதுதான் என்று அவர் நின்றார். எங்கள் வட்டத்தில் புத்தகத்தைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கள்கூட அந்தப் பெயின்ட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள்.

ஜூனோ தியாஸின் 'ஆஸ்கர் வாவ்' 2008-இல் புலிட்சர் பரிசு வாங்கிய நாவல். அதை வைத்த மாதம் பதினொரு பேரில் நான்கு பேர்தான் முடித்திருந்தார்கள். அதில் வரும் டொமினிகன் கொச்சை எங்கள் டெக்சாஸ்காரர்களுக்கும் விளங்கவில்லை. லத்தினோ என்ற ஒரே குடைக்குள் எத்தனை ஊர் நனைகிறது என்று அன்றுதான் பார்த்தேன். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற போர்ட்டோ ரிக்கோக்காரர் ஒருவர் பஸ்ஸை 'குவாகுவா' என்றார். தபால்காரர் 'கமியோன்' என்றார். பாடப்புத்தகத்தில் கமியோன் என்றால் லாரி ஆயிற்றே என்று நான் வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள்.

சண்டையும் வந்ததுண்டு. 2020 ஜனவரியில் 'அமெரிக்கன் டர்ட்' நாவல் வந்தபோது தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா அதைத் தன் வாசகர் வட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார். நாமும் படிப்போமே என்றார் ஒருவர். மெக்சிகோக்காரர்களின் துயரத்தை வெளியாள் ஒருத்தர் வந்து பொட்டலம் கட்டி விற்கிறார் என்று இன்னும் இருவர் எழுந்து நின்றார்கள். ஊரெல்லாம் இதே பேச்சு, பதிப்பகமே எழுத்தாளரின் பயணத்தை ரத்து செய்யும் அளவுக்குப் போனது. நான் நைசாக, நூலகத்தில் முன்பதிவு வரிசை நீளம், பிரதி கிடைக்காது என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையில், 'வெளியாள்' என்ற சொல் அந்த அறையில் எழும்போதெல்லாம் எனக்கு நாற்காலி கொஞ்சம் சூடாகிவிடும். மார்ச்சில் கொரோனா வந்து அறையையே பூட்டிவிட்டார்கள்.

இவ்வளவும் சுற்றி வளைத்தது ஒரே ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான்.

டோன்யா

அவர் பெயரை எழுதப்போவதில்லை. வட்டத்தில் நாங்கள் கூப்பிடும்படி டோன்யா என்றே வைத்துக்கொள்கிறேன். வயதான பெண்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்குச் சேர்ப்பது, நாம் பெயருக்குப் பின்னால் அம்மா சேர்ப்பது போல. எழுபதைத் தாண்டியவர். நான் சேருவதற்கு முன்பிருந்தே வட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார். இருபது நிமிடம் முன்னதாக வருவார். காபி இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றுவார். வெள்ளைக் காகிதப் பெட்டியிலிருந்து கோன்ச்சா ரொட்டிகளை, மேலே சிப்பிக் கோடு போட்ட சர்க்கரை உதிராமல், ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைப்பார். அப்புறம் கடைசி நாற்காலியில் உட்காருவார். மணிக்கணக்கில் கேட்பார். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். என்னை 'மிஹா' என்பார், மகளே என்பதன் சுருக்கம். அவர் துணைக்கு ஆள் தேடி வருகிறார், புத்தகத்துக்காக அல்ல என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

2022 ஆகஸ்டில் க்ளோரியா அன்சல்துவாவின் 'பார்டர்லேண்ட்ஸ்' வாசித்தோம். 1987-இல் வந்தது. உரைநடை, கவிதை, அகராதி போடாத ஸ்பானிஷ் எல்லாம் கலந்து கிடக்கும். டெக்சாஸின் தென்கோடியில் பிறந்தவர் அவர். பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக விரல் முட்டியில் ரூலரால் அடி வாங்கியதை அதில் எழுதியிருக்கிறார். நான் விழுந்து விழுந்து தயார் செய்துகொண்டு போனேன். டெக்சாஸ் பள்ளிகளில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதை 1918-இல் குற்றமாக்கியது, இருமொழிக் கல்வியைச் சட்டமாக்க 1973 ஆனது, எல்லாவற்றையும் குறிப்பெடுத்து ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். டோன்யா இடையில் எழுந்து எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார்.

அந்த உற்சாகத்தில்தான் அக்டோபருக்குத் தொமாஸ் ரிவேராவை எடுத்தேன். டெக்சாஸின் கிரிஸ்டல் சிட்டியில் 1935-இல் பிறந்தவர். அந்த ஊருக்குப் பேர் வந்ததே கீரை விளைச்சலால். கீரை தின்று பலம் பெறும் கார்ட்டூன் மாலுமி பாப்பாய்க்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். வருடாவருடம் வடக்கே போய்ப் பிறர் வயலில் கூலிக்கு வேலை செய்த குடும்பம். பின்னாளில் கலிபோர்னியாவில் ரிவர்சைட் பல்கலைக்கழகத்தின் தலைவரானார், 48 வயதில் போய்விட்டார். 1971-இல் வந்த அவருடைய ஒரே நாவலின் தலைப்பைத் தமிழில் 'பூமி அவனை விழுங்கவில்லை' என்று சொல்லலாம். தனித்தனிக் கதைகளாகக் கோத்த மெலிந்த புத்தகம். அவர் எழுதியது ஸ்பானிஷில். எங்களிடம் இருந்த ஆர்ட்டே பூப்ளிக்கோ பதிப்பில் ஒரே அட்டைக்குள் இரண்டு மொழியும் இருக்கும். எல்லாரும் எப்போதும்போல ஆங்கிலப் பாதியைத்தான் படித்து வருவார்கள் என்று தெரியும். எனக்கு அது நெடுநாள் குறை. மூலம் கையிலேயே இருக்கும்போது மொழிபெயர்ப்பையா படிப்பது? நமக்குத்தான் மூலம் என்றால் ஒரு பக்தி உண்டே.

தலைப்புக் கதையின் ஸ்பானிஷ் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தேன். பதினான்கு பிரதி, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி. வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு பத்தி சத்தமாகப் படிக்கலாம் என்றேன். தபால்காரர் படித்தார். பள்ளி ஆசிரியை ஒருவர் கணீரென்று படித்தார். கல்லூரிப் பையன் ஒருவன் திக்கித் திணறினான். தன்னை 'நோ சாபோ' என்று அவனே சொல்லிக்கொள்வான். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு 'நோ சே' என்று சொல்ல வேண்டும். இலக்கணம் தெரியாத குழந்தை இந்த வினைச்சொல்லும் மற்றவை மாதிரி ஒழுங்காகத்தானே மாறும் என்று நினைத்து 'நோ சாபோ' என்றுவிடும். ஸ்பானிஷ் வராத பிள்ளைகளுக்கே அது பட்டப்பெயர் ஆகிவிட்டது. அவனைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அவனுக்குப் பக்கத்தில் டோன்யா.

தாளை மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். "கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன், மிஹா" என்றார், ஆங்கிலத்தில்.

கண்ணாடி அவர் கழுத்தில் மணிச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீலச் சட்டம் போட்ட கண்ணாடி. அறையில் எல்லாருக்கும் அது தெரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாற்காலியில் இருந்தவர் சட்டென்று தன் பத்தியைப் படிக்க ஆரம்பித்தார், இரண்டு பத்தி சேர்த்தே படித்தார். அதற்குள் டோன்யா தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டார். போகும்போது தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார். நவம்பரில் வரவில்லை.

தமாலே

போன் செய்யலாமா, செய்தால் என்னவென்று பேசுவது என்று ஒரு மாதம் குழம்பினேன். கண் சரியில்லையோ, புத்தகமே பிடிக்கவில்லையோ என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். டிசம்பரில் அவரே கூப்பிட்டார். வீட்டில் தமாலே போடுகிறோம், கை போதவில்லை, வா என்றார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் இங்கே வீட்டுக்கு வீடு இந்த வேலை நடக்கும். மக்காச்சோளக் கதிரை மூடியிருக்கும் தோகையை ஊறவைத்து, அதில் மாவைத் தடவி, நடுவில் கறியை வைத்து, மடித்து ஆவியில் வேகவைப்பது. திருக்கார்த்திகைக்கு எங்கள் பக்கம் பனையோலையில் வைத்து அவிக்கும் கொழுக்கட்டைக்கு இது தூரத்துச் சொந்தம். மடிக்கிற கை எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது, மாவு தடவுகிற கைதான் வரவில்லை. தோகையின் வழவழப்பான பக்கத்தில் தடவ வேண்டும், நான் சொரசொரப்பான பக்கத்தில் தடவிக்கொண்டிருந்தேன்.

அதைத் திருத்திக்கொண்டேதான் சொன்னார். தலை நிமிரவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியும், மிஹா. இங்கிலீஷில்."

பேசினதெல்லாம் ஸ்பானிஷ், படித்ததெல்லாம் ஆங்கிலம். வீட்டில் எழுத்து தெரிந்தவர்கள் இல்லை. பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் அடி. ஏப்ரல் கடைசியில் பள்ளியிலிருந்து நிறுத்தி லாரியில் ஏற்றி வடக்கே கூட்டிப்போவார்கள், மினசோட்டாவில் சர்க்கரை பீட்ரூட் வயல், மிச்சிகனில் செர்ரி. திரும்பிவரும்போது அக்டோபர் முடிந்திருக்கும், வகுப்பில் பாதிப் பாடம் போயிருக்கும். இதற்கு நடுவில் எப்படியோ ஆங்கில எழுத்தைப் பிடித்துக்கொண்டார். ஸ்பானிஷ் எழுத்தை யாரும் அவருக்குக் காட்டவே இல்லை. தன் பிள்ளைகளிடம் ஸ்பானிஷே பேசவில்லை, அவர்களாவது அடி வாங்காமல் இருக்கட்டும் என்று. இப்போது பேரப்பிள்ளைகள் 'நோ சாபோ'. "அவர்கள் சிரிக்கிறபோது நானும் சேர்ந்து சிரிப்பேன்" என்றார்.

ரிவேராவின் கதைகளில் வருகிற பையன்கள் அத்தனை பேரும் என் முன்னால் உட்கார்ந்து மாவு தடவிக்கொண்டிருந்தது போல இருந்தது. ஆகஸ்டில் நான் அடித்த பிரசங்கம் ஞாபகம் வந்தது. 1918 என்ன, 1973 என்ன. அந்தச் சட்டம் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்திருக்கிறது, நான் நன்றி சொல்லி வாங்கிக் குடித்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. கையைக் கழுவினார், பையிலிருந்து அந்த நான்காக மடித்த தாளை எடுத்தார். "நீ படி" என்றார்.

ஸ்பானிஷ் எழுத்து நம் எழுத்து மாதிரி, எழுதினபடி படிக்கலாம். அர்த்தம் தெரியாமலே ஒரு பக்கத்தைக் கடகடவென்று ஒப்பிக்க முடியும். 'ர்ர்'-க்கு நம் வல்லின றகரம் கைகொடுக்கும், மேலே அலை போட்ட 'ன'-வுக்கு ஞகரம். அழுத்தம்தான் வராது, தமிழ் வாய்க்கு அது பழக்கமில்லை. தலைப்புக் கதையில் ஒரு அப்பாவுக்கு வயலில் வெயில் தாக்கிவிடும். கடைசி அசையை அழுத்தி 'பபா' என்றால் அப்பா, முதல் அசையை அழுத்தினால் உருளைக்கிழங்கு. நான் உருளைக்கிழங்கு என்று படித்தேன். வயலில் உருளைக்கிழங்குக்கு வெயில் தாக்கி, வாந்தி எடுத்து, வீட்டில் தூக்கிவந்து படுக்கவைத்திருக்கிறார்கள். டோன்யா முந்தானை இருந்தால் வாயைப் பொத்தியிருப்பார், ஏப்ரனால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கொஞ்சம் தள்ளி அந்த அப்பாவின் பையன் கடவுளைத் திட்டப்போகிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. திட்டினால் பூமி பிளந்து விழுங்கிவிடும் என்று அம்மா சொல்லி வளர்த்த பையன். "மெதுவாக" என்றார். எனக்கு அர்த்தம் பாதிதான் பிடிபட்டது. அவருக்கு முழுதும் பிடிபட்டது, முகத்தில் தெரிந்தது. நான் வாசித்தேன் என்று சொல்வதா, அவர் வாசித்தார் என்று சொல்வதா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். பதினான்கு வயது. ஒன்பது வயதில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தியவள். பேசினால் புரியும், எழுத்து மறந்துபோயிற்று. "ஆச்சி வாட்ஸ்அப்ல அனுப்புறத உங்களப் படிக்கச் சொல்வேன்ல, அதானம்மா?" என்றாள். அது இல்லை, உன்னை யாரும் அடிக்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜனவரியிலிருந்து

ஜெராக்ஸை விட்டுவிட்டேன். யாரையும் பெயர் சொல்லிப் படிக்கச் சொல்வதில்லை. மூலம், மொழிபெயர்ப்பு என்று நான் வைத்திருந்த தராசும் ஆட்டம் கண்டுவிட்டது. தன் தாய்மொழியில் எழுதப்பட்ட புத்தகத்தை ஆங்கிலத்தில்தான் படிக்க முடியும் என்கிற ஒருவருக்கு எது மூலம்? இதை வட்டத்தில் இன்னும் பேசவில்லை. பேசினால் யார் யார் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று பார்க்க வேண்டியிருக்கும். பதினான்கு பேரில் டோன்யா ஒருத்தர் மட்டும்தான் என்று இப்போது எனக்கு நம்பிக்கை இல்லை.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நேராகவே கேட்டாள், இந்த வட்டத்தை ஏன் ஒரு இந்தியர் நடத்துகிறார் என்று. கேட்க வேண்டிய கேள்விதான். நான் பதிலுக்குத் தடுமாறிக்கொண்டிருந்தபோது கடைசி நாற்காலியிலிருந்து டோன்யாவின் குரல் வந்தது, வட்டத்தில் அவர் எல்லாருக்கும் கேட்கும்படி பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்: "அவள் நாற்காலி எல்லாம் ஒழுங்காகப் போடுகிறாள்." அந்தப் பெண்ணுக்கு அது பதிலாகப்படவில்லை. எனக்கும்தான். அடுத்த மாதமும் வந்தாள், நாற்காலி போட ஒரு கை கொடுத்தாள். சாவியை அவளிடம் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனதும் நானும் டோன்யாவும் அரை மணி நேரம் ரிவேரா படிக்கிறோம். சில நாள் அந்தக் கல்லூரிப் பையனும் இருப்பான். இப்போது ஓடிக்கொண்டிருப்பது, அல்லது ஓடாமல் நிற்பது, லாரிக் கதை. கூலியாட்களை நிற்கவைத்து ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி விடியற்காலை நாலு மணிக்கு வழியில் பழுதாகி நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவராக, போய்ச் சேர்ந்ததும் என்ன செய்யலாம் என்று மனசுக்குள் பேசிக்கொள்வார்கள். முதல் வரியிலேயே 'த்ரோக்கா' என்று ஒரு சொல் வந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து நான் 'கமியோன்' என்று திருத்திப் படித்தேன். டோன்யா தாளின் மேல் கையை வைத்தார். "த்ரோக்கா" என்றார். 'ட்ரக்'தான் டெக்சாஸ் ஸ்பானிஷில் த்ரோக்கா ஆகியிருக்கிறது, நம் ஊரில் லாரி லாரியே ஆனது மாதிரி. அந்த ஒரு சொல்லை மட்டும் தானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தார், விரலை வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

அப்புறம் தன் அப்பா ஏறிப்போன த்ரோக்காவைப் பற்றி ஆரம்பித்தார். பின்பக்கத் தார்பாயில் ஓட்டை இருந்ததாம், மழை பெய்தால் அந்த இடத்தில் நிற்கப் பிள்ளைகளுக்குள் முறை வைத்துக்கொள்வார்களாம். அரை மணி நேரம் முடிந்து நூலகக்காரர் வந்து விளக்கை அணைத்தார். மூன்று சனிக்கிழமையாக அதே பக்கத்தில்தான் இருக்கிறோம், லாரியும் ரோட்டோரமேதான் நிற்கிறது.